வியாழக்கிழமை வண்டி

போன மாதம் பாலக்காட்டிலிருந்து ஒரு போன் வந்தது. நான் பல வருடம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், இப்போது என் நாற்காலியில் இருக்கும் பெண் டாக்டர். நன்றாகப் படித்தவர், மரியாதை தெரிந்தவர். “மேடம், ஜெயிலிலிருந்து வரும் எச்.ஐ.வி. நோயாளிகளை வாரத்தில் ஒரே நாளில் அனுப்பினால் எல்லோருக்கும் வசதி என்று சொல்கிறார்கள். காவலுக்குப் போலீஸ்காரர்களும் ஒரு தடவை வந்தால் போதும். சரி என்று சொல்லிவிடவா?” என்று கேட்டார்.

நான் போனிலேயே கத்திவிட்டேன். பாவம், அந்தப் பெண் பயந்துபோய் இணைப்பைத் துண்டித்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டு மன்னிப்புக் கேள் என்று வீட்டில் சொன்னார்கள். கேட்க மாட்டேன். ஏன் கத்தினேன் என்பதை மட்டும் எழுதிவிடுகிறேன். ஓய்வு பெற்ற டாக்டர்கள் எழுதும் கட்டுரைகளை நானும் படித்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி சொல்லி, எல்லாம் கடவுள் செயல் என்று முடிப்பார்கள். எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. ஆனால் நான் செய்த தப்பை அவர் தலையில் கட்ட மனம் வரவில்லை.

நான் இடுக்கி மலையில், ஏலப்பாறைப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். அப்பா எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாட்டுப் பாடுவதும், மற்ற ஆறு நாளும் தேயிலைக்காட்டில் அட்டை கடித்த கால்களுக்கு மருந்து போடுவதும் அவர் வாழ்க்கை. அவர் பிடிவாதத்தில் நான் டாக்டரானேன். மெடிக்கல் காலேஜ் வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஹாஸ்டல் சாம்பாரும் தூக்கமின்மையும் எல்லோருக்கும் உள்ளதுதான். தொற்றுநோய்ப் பிரிவை நானாகக் கேட்டு வாங்கினேன். அதற்குப் போட்டியே இல்லை. கூடப் படித்தவர்கள் எல்லாம் இருதயத்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்த காலம் அது.

பாலக்காட்டுக்கு நான் வந்தபோது எச்.ஐ.வி. நோயாளியின் கேஸ் ஷீட்டில் மேல் மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார்கள். அந்த வட்டத்தைப் பார்த்ததும் வார்டு பாய் படுக்கை விரிப்பு மாற்ற மாட்டான். சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்துக் காலால் தள்ளுவார்கள். நான் சேர்ந்த முதல் வாரமே ரப்பர் எடுத்து எல்லா வட்டத்தையும் அழித்தேன். எல்லா நோயாளியின் ரத்தத்தையும் ஒரே மாதிரி கையுறை போட்டுத்தான் தொட வேண்டும், வட்டம் விழுந்தவன் ரத்தத்துக்குத் தனி மரியாதை வேண்டாம் என்று சண்டை போட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஆஸ்பத்திரியில் ‘ரப்பர் டாக்டர்’ என்று பெயர்.

எங்கள் ஆஸ்பத்திரி சூப்பிரண்ட் டாக்டர் நீலகண்டன் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எந்தக் கடிதம் வந்தாலும் இரண்டு தடவை வாய்விட்டுப் படிப்பார். முதல் தடவை அர்த்தத்துக்கு. இரண்டாவது தடவை, அதை யார் எழுதச் சொன்னார்கள் என்று கண்டுபிடிக்க. படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, “இதுல ரெண்டு பேர் ஒளிஞ்சிண்டு இருக்கா, கேட்டியா?” என்பார். தன் கருத்தை எப்போதும் பென்சிலில்தான் எழுதுவார். பேனா கையெழுத்துக்கு மட்டும். அவர் கெட்டவர் இல்லை. வட்டம் அழித்த விஷயத்தில் என்னைக் கூப்பிட்டு, “நீ பண்ணினது சரியாக்கும். ஆனா நான் சொன்னேன்னு வெளியில சொல்லிடாதே” என்றவர்.

எச்.ஐ.வி.க்கு இலவச மாத்திரை வந்த பிறகு எங்கள் வேலை மாறியது. அதுவரை சாகப்போகிறவர்களுக்குத் துணை இருந்தோம். பிறகு, தினமும் தவறாமல் மாத்திரை போடுகிறாயா என்று விரட்டும் வாத்தியார்கள் ஆனோம். இந்த மாத்திரையில் நாள் தவறக் கூடாது. தவறினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் அந்த மருந்து கேட்காது. இதைத் தமிழிலும் மலையாளத்திலும் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டியிருக்கிறது.

எங்கள் ஜில்லாவில் ஒரு சிறை உண்டு. எந்தச் சிறை என்று எழுதப் போவதில்லை. அங்கிருந்து எச்.ஐ.வி. உள்ள கைதிகளை மாத்திரை வாங்க அனுப்புவார்கள். கையில் விலங்கோடு, பக்கத்தில் போலீஸ்காரரோடு, பொது வரிசையில் இரண்டு மணி நேரம் நிற்பார்கள். குழந்தையோடு வந்த பெண்கள் அவர்களைப் பார்த்து விலகி நிற்பார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சிறைக்குக் கடிதம் எழுதினேன். இந்த நோயாளிகளை மட்டும் வியாழக்கிழமை காலை தனியாக அனுப்புங்கள், வரிசையில் நிறுத்தாமல் பார்த்து அனுப்புகிறேன் என்று. சிறையிலும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்கள். நீலகண்டன் சார் அந்தக் கடிதத்தின் ஓரத்தில் ‘நல்ல ஏற்பாடு’ என்று எழுதினார், பென்சிலில்தான். எனக்கு ஒரே பெருமை. வீட்டில் போய்ச் சொல்லிக்கொண்டேன்.

அப்படி வியாழக்கிழமை வந்துகொண்டிருந்தவர்களில் ஒருவன் செல்வராஜ். சின்னக்கானல் பக்கத்து எஸ்டேட் தொழிலாளி. தேயிலைச் செடி நறுக்கும் கவாத்துக் கத்தியால் சூப்பர்வைசரைத் தோளில் வெட்டிவிட்டு உள்ளே வந்தவன். இடுக்கியில் இடமில்லை என்று மலையிறக்கி எங்கள் பக்கம் அனுப்பியிருந்தார்கள். சிறையில் எடுத்த பரிசோதனையில்தான் அவனுக்கு இந்த நோய் இருப்பது தெரிந்தது. அதிகம் பேச மாட்டான். கேட்டதற்குத் தலையாட்டுவான்.

திடீரென்று அவன் வருவது நின்றது. என்னுடன் இருந்த நர்ஸ் தங்கமணி கொழிஞ்சாம்பாறைக்காரி. அவள் கண்ணிலிருந்து ஒன்றும் தப்பாது. “ஏனுங்க மேடம், அந்தச் சின்னக்கானல் ஆளு மூணு வாரமா வரலீங்க. கேட்டா காய்ச்சல்ங்கறாங்க, கால்வலிங்கறாங்க. எனக்கென்னமோ நம்பிக்கை இல்லீங்க” என்றாள். அவன் கையிலிருந்த மாத்திரை தீர்ந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவனை நன்றாகத் திட்டிவிட்டு வர வேண்டும் என்று நானே சிறைக்குப் போனேன்.

சிறை டிஸ்பென்சரி ஒரு சின்ன அறை. ஒரு மேசை, ஒரு எடை மெஷின். செல்வராஜைக் கூட்டி வந்தார்கள். ஆள் இளைத்திருந்தான். வாயைத் திறக்கச் சொன்னேன், நாக்கில் வெள்ளை படிந்திருந்தது. உடம்பு எதிர்க்க முடியாமல் தோற்க ஆரம்பித்ததன் அடையாளம் அது. கூட வந்த வார்டரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கத்தத் தொடங்கினேன். கத்தும்போது எனக்கு எஸ்டேட் தமிழ் தானாக வந்துவிடும்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். “டாக்டரம்மா, நீங்க மலைக்காரவுகளா?”

“ஏலப்பாறை. அத விடு. சாகணும்னு முடிவு பண்ணிட்டியா?”

“சாகணும்னு இல்லம்மா. வியாழக்கிழம வண்டில ஏற மாட்டேன்.”

“ஏன்?”

கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு, குரலை இறக்கிச் சொன்னான். “நீங்க போட்ட வண்டிதானம்மா அது. வியாழக்கிழம யாரு ஏறுறானோ அவனுக்கு அந்த நோவுன்னு ஜெயிலுக்கே தெரியும். உள்ள எங்களுக்குப் பேரே வியாழக்கிழமதான். ‘ஏ வியாழக்கிழம, தள்ளி உக்காரு’ம்பான். தண்ணிக் குவளையத் தொட விடமாட்டான். அதக்கூடப் பொறுத்துக்கலாம். இப்ப வெளிய நிக்கிறாரே வார்டரு, அவரு அக்காவ எங்க எஸ்டேட்டுலதான் கட்டிக் குடுத்துருக்கு. போன மாசம்தான் இந்த பிளாக்குக்கு மாத்தி வந்தாரு, ஏறுறவன் யாரு யாருன்னு அவருக்கு இன்னும் தெரியாது. நான் அந்த வண்டில ஏறுறத அவரு ஒரு வாட்டி பாத்தாப் போதும்.”

“பாத்தா என்ன?”

“எங்க வீட்டுக்காரி ஜெயராணி எஸ்டேட்டுல பிள்ளைகளப் பாத்துக்கிற எடத்துல ஆயா. நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். போடிக்கு எறங்கிப் போயி, தங்கச்சி பேரச் சொல்லி டெஸ்ட் எடுத்தா. அவளுக்கு ஒண்ணும் இல்ல, கர்த்தர் காப்பாத்துனாரு. ஆனா எனக்கு இருக்குன்னு எஸ்டேட்டு லயத்து வீடுகள்ல தெரிஞ்சா, எந்தத் தாயி பிள்ளைய அவகிட்ட விடுவா? வேல போயிரும். வேல போனா லயத்து வீட்டையும் காலி பண்ணணும். நானும் உள்ள இருக்கேன். ரெண்டு பிள்ளைகளோட அவ எங்க போவாம்மா?”

வேலையோடு வீடும் போகும் என்பதை எனக்கு அவன் விளக்க வேண்டியதில்லை. அப்பா ஓய்வு பெற்ற மாதம் நாங்களும் அப்படித்தான் சாமான்களை ஜீப்பில் ஏற்றினோம். சிவப்பு வட்டத்தை ரப்பரால் அழித்துவிட்டு, அதை விடப் பெரிய வட்டத்தை ஒரு போலீஸ் வண்டி அளவுக்கு நானே போட்டிருக்கிறேன். ஊரெல்லாம் பார்க்க, வாரம் தவறாமல். என் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அந்த அறையில் அவன் முன்னால் என் கண் கலங்கியதையும் சொல்லிவிடுகிறேன், அதில் வெட்கமில்லை.

திரும்பி வரும் வழியிலேயே முடிவு செய்தேன். வியாழக்கிழமை வண்டி ரத்து. நான் வாரம் ஒரு முறை சிறைக்குப் போவேன். அந்த பிளாக்கில் உள்ள அறுபது பேரையும் பார்ப்பேன். சொறி, இருமல், சர்க்கரை, பல்வலி, ஒன்றுமே இல்லாதவன், எல்லோரையும். எல்லோருக்கும் தினமும் மாலை எண்ணிக்கை முடிந்து அடைப்பதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு காகிதக் கவர் மருந்து. தேவைப்படுகிறவனுக்கு அவன் மாத்திரை, தேவைப்படாதவனுக்கு பி காம்ப்ளக்ஸ். சிறைச் சாப்பாடு சாப்பிடுகிறவனுக்கு அது ஒன்றும் கெடுதல் இல்லை.

ஒரு சிக்கல் இருந்தது. பி காம்ப்ளக்ஸ் சின்னதாக இருக்கும், எச்.ஐ.வி. மாத்திரை பெரிது. கையில் கொட்டினால் தெரிந்துபோகும். அதற்கு வழி சொன்னது தங்கமணி. “கையில கொட்டவே கூடாதுங்க. கவரை அப்படியே வாயில கவுக்கச் சொல்லோணும். கைபட்டா மருந்து கெட்டுப்போகும்னு நாஞ் சொல்லிக்கறேனுங்க.” இப்படி ஒரு மருத்துவ விதி எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஆனால் அந்த பிளாக்கில் அது சட்டமாகிவிட்டது. வாரத்துக்கு நானூற்றுச் சொச்சம் கவர். ஒவ்வொன்றிலும் கைதி எண் மட்டும். நானும் அவளும் மதியச் சாப்பாட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு நிரப்புவோம், பெட்டியில் போட்டுப் பூட்டிச் சிறை டிஸ்பென்சரிக்கு அனுப்புவோம். முதல் மாதக் கடைசியில் செல்வராஜ் நாக்கை நீட்டினான். வெள்ளை போயிருந்தது.

இதில் கஷ்டப்பட்டவர்கள் வார்டர்கள்தான். அதுவரை யாரைத் தள்ளி வைப்பது என்று தெரிந்திருந்தது. கைதிகளும் வார்டர்களும் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் இப்போது அது தெரியவில்லை. ஜெயில் சூப்பிரண்டிடம் போய் முறையிட்டார்கள். அவர் என்னைக் கூப்பிட்டார்.

நல்ல மனிதர் போலத்தான் பேசுவார். முதலில் டீ வரும், பிறகு பிஸ்கட் வரும், பிறகுதான் விஷயம் வரும். “டாக்டரே, ஒரு செறிய லிஸ்ட் மதி” என்றார், சின்னதாக ஒரு பட்டியல் போதுமாம். யார் யாருக்கு இருக்கிறது என்று தெரிந்தால் தனி பாரக்கில் வைத்துவிடலாம், தனித் தட்டு, தனி முடிவெட்டு, என் ஆட்களுக்கும் குடும்பம் இருக்கிறதே என்றார் மலையாளத்தில்.

கூட உட்கார்ந்து சாப்பிட்டால் ஒட்டாது என்றேன். அடிதடியில் ரத்தம் பட்டால் என்றார். எவன் ரத்தமானாலும் கையுறை போடுங்கள், இரண்டு பெட்டி கொண்டுவந்திருக்கிறேன் என்று மேசை மேல் வைத்தேன். கையுறைப் பெட்டியை அவர் பிஸ்கட் தட்டுக்கு அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார். “லிஸ்ட்?” என்றார் மறுபடியும், சிரித்துக்கொண்டே. தர முடியாது என்று எழுந்து வந்தேன்.

நோயாளியின் ரகசியத்தைக் காப்பதற்கென்று தனிச் சட்டம் இன்று இருக்கிறது. அன்று இல்லை. என்னிடம் இருந்தது வாய் மட்டும்தான்.

பத்து நாளில் மெமோ வந்தது. பாதுகாப்புக்குத் தேவையான விவரத்தை மறைத்ததற்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, பட்டியலோடு விசாரணைக்கு வரவும். நீலகண்டன் சார் வழக்கம்போல் இரண்டு தடவை படித்தார்.

“கிரேஸ், குடுத்துடேன். அவா பாடு, அவா ஜெயில் பாடு. நீ வைத்தியம் பாத்தாப் போறாதா?”

“இதுதான் சார் வைத்தியம். பேரு வெளிய போனா அவன் மாத்திரைய நிறுத்துவான். நிறுத்துனா செத்துருவான்.”

“உன்னைத் தூக்கி எங்கயாவது மலை மேல போட்டுடுவா.”

“நான் மலையில இருந்துதான் சார் வந்தேன்.”

சிரித்துவிட்டார். நான் எழுதியிருந்த பதிலை வாங்கி, ஓரத்தில் ‘இந்தக் கருத்தை ஆதரிக்கிறேன்’ என்று எழுதினார். பென்சிலில். அந்தக் கோப்பு மேலே போய்த் திரும்பி வந்தபோது அந்த இடத்தில் லேசான தடம் மட்டும் இருந்தது. அவர் அழித்தாரா, வேறு யாராவது அழித்தார்களா, இன்று வரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. ரப்பர் எனக்கு மட்டும் சொந்தமா என்ன?

விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். ஜெயில் சூப்பிரண்டும் இருந்தார். பட்டியல் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார்கள். கொண்டுவந்திருக்கிறேன் என்று நாலு பக்கத்தை எடுத்து வைத்தேன். ஜெயில் சூப்பிரண்டின் முகம் மலர்ந்தது. வாங்கிப் படித்தார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், படிக்கப் படிக்க நெற்றி சுருங்கியது. அந்த பிளாக்கிலிருந்த அறுபது பேரும் அகர வரிசையில் இருந்தார்கள். அதன் கீழே எட்டு வார்டர்கள். எல்லோருக்கும் கடைசியில் அவர் பெயர்.

“இதில் என் பெயர் எதற்கு?” என்றார். சிரிப்பு போயிருந்தது.

“இந்தச் சிறையில் என்னிடம் மருந்து வாங்கியவர்கள் எல்லோரும் இதில் இருக்கிறார்கள். போன மாதம் டீ குடிக்கும்போது நீங்களும் என்னிடம் மருந்து கேட்டு வாங்கினீர்கள்.”

“அது வேறு விஷயம்!”

“என்ன விஷயம் என்று நான் இங்கே சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். இந்த அதிகாரி எழுத்தில் கேட்டாலும் சொல்ல மாட்டேன். பட்டியலில் உள்ள மற்றவர்களுக்கும் அதே மரியாதைதான்.”

வந்திருந்த அதிகாரி குனிந்து தன் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தார், அது அவர் கையிலேயே இருந்தது. ஜெயில் சூப்பிரண்ட் அந்த நாலு பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு பட்டியல் என்ற வார்த்தையை அவர் என்னிடம் சொன்னதில்லை. அவர் வாங்கிய மருந்து வெறும் வாயுத் தொல்லைக்குத்தான் என்று இப்போது சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் யார், எந்தச் சிறை என்று யாருக்கும் தெரியாது என்பதால் எழுதிவிட்டேன். வேண்டுமானால் இன்னொரு மெமோ அனுப்பட்டும்.

மாற்றல் உத்தரவு வரத்தான் செய்தது. சொல்பேச்சுக் கேட்காததற்குத் தண்டனையாக இடுக்கியில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரி. பிறந்த வீட்டுக்கு அனுப்புவதைத் தண்டனை என்று நினைத்தவர்களை என்ன சொல்வது? தங்கமணிதான் அழுதாள். கவர் வேலையை அவளிடம் ஒப்படைத்தேன். அவள் ஓய்வு பெறும் வரை மாதம் ஒரு முறை போன் செய்வாள். எடுத்த எடுப்பில், “கவரு போயிட்டுதானுங்க இருக்குது மேடம்” என்பாள். எனக்கு அது போதும்.

மலையில் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்ததும் வந்தது. ஒரு நாள் மதியம் ஓ.பி.யில் எஸ்டேட் ஆயா ஒருத்தி மூன்று குழந்தைகளோடு வந்தாள். மூன்றுக்கும் சளி. ஒன்று இடுப்பில், இரண்டு முந்தானையைப் பிடித்துக்கொண்டு. நான் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து, மருந்து எழுதி முடித்தேன். அவள் போகவில்லை. பெரியது இரண்டையும் வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினாள்.

“நீங்க கிரேஸ் டாக்டரம்மாதான? நான் செல்வராஜு சம்சாரம்.”

எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“வந்துட்டாரும்மா. வந்து மூணு வாரம் ஆச்சு. மாத்திரைக்கு மாசாமாசம் போடிக்குப் போறாரு. ஒரு நாளு தவற விடுறதில்ல.” சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். “டாக்டரம்மா, ஒண்ணு கேக்கட்டா? அவரு வெட்டுன சூப்பர்வைசரு இன்னும் எங்க எஸ்டேட்டுலதான் இருக்காரு. இன்னைக்கும் அந்தக் கைய மேல தூக்க முடியாது. வெட்டுனது இவருன்னு எல்லாத்துக்கும் தெரியும். ஆனா இவரு வந்து எறங்குன அன்னைக்கு லயமே திரண்டு வந்துச்சு. வீட்டுக்கு வீடு காப்பி குடுத்தாக. பிள்ளைகளத் தூக்கி இவரு மடியில வச்சாக. மனுசன வெட்டிட்டு வந்தவருக்கு இம்புட்டும் உண்டு. இந்த மாத்திரை சாப்பிடுறாருன்னு தெரிஞ்சா, இதுல ஒண்ணாவது உண்டாம்மா?”

பொய் சொல்லத் தோன்றவில்லை. “கிடையாது” என்றேன்.

“ஏம்மா?”

நான் மருந்துச் சீட்டை மறுபடி எடுத்து, மூன்று குழந்தைகளுக்கும் எழுதிய அளவைச் சரிபார்த்தேன்.

அவள் அதிக நேரம் காத்திருக்கவில்லை. இடுப்பில் இருந்த குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதறினாள். “அய்யோ, கொழுந்த எட போட்டுட்டு இதுகளோட அம்மாமாரு வந்துருவாக. பிள்ளைகளக் காணலன்னா என்னையத்தான் தேடுவாக” என்று சொல்லிக்கொண்டே, வெளியே இருந்த இரண்டையும் இரண்டு பக்கமும் பிடித்து, மழையில் ஜீப்பை நோக்கி ஓடினாள்.